பூட்டைத் தொட்ட பள்ளிக்கூடம்

அந்தத் திங்கட்கிழமை வரை பள்ளி நூலகருக்குத் தான் யார் என்பதில் எந்தச் சந்தேகமும் வந்ததில்லை. பத்தொன்பது வருடமாக ஒரே அறை, ஒரே மேசை, ஒரு கால் உடைந்தும் மாற்றித் தரப்படாத ஒரே நாற்காலி. திங்கட்கிழமை பதினோரு மணிக்குத் தலைமை ஆசிரியர் கூப்பிட்டனுப்பினார்.

"மேடம், இன்னிலேருந்து நீங்க நூலகர் இல்ல."

"நான் என்ன சார் தப்பு பண்ணேன்?"

"தப்பெல்லாம் ஒண்ணுமில்ல. பேர்தான் மாறியிருக்கு. நேரடிச் செயல்முறைக் கற்றல் அனுபவ ஏதுவாளர்."

"அப்படின்னா என்ன வேலை சார்?"

தலைமை ஆசிரியர் கையிலிருந்த சுற்றறிக்கையைப் பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. "அது அடுத்த சுற்றறிக்கையில வரும்" என்றார்.

இந்தச் சுற்றறிக்கையில் வந்திருந்தது வேறு. மாணவர்கள் இதுநாள் வரை கண்ணால் மட்டுமே கற்று வந்திருக்கிறார்கள், இனிமேல் கையால் கற்பார்கள், நூலகம் முழுக்க முழுக்கக் கண்ணைச் சார்ந்த இடமாக இருப்பதால் ஒரு வாரத்துக்குள் அது செய்து கற்கும் மையமாக மாற வேண்டும். புத்தகங்களை என்ன செய்வது என்று கடைசியில் ஒரு வரி இருந்தது. 'அப்புறப்படுத்தவும்.'

எங்கே என்று சொல்லாததால் மாடிப்படிக்கு அடியில் அப்புறப்படுத்தினார்கள். நாற்பத்து மூன்று மூட்டைகள் ஆயின. ஒவ்வொன்றையும் நூலகர் தன் கையாலேயே கட்டினார். அட்டை மடங்காமல், பெரியது அடியிலும் சின்னது மேலுமாக வைத்துக் கட்ட வேறு யாருக்கும் பொறுமை இருக்கவில்லை.

புதன்கிழமை பொருட்கள் வந்து இறங்கின. முப்பரிமாண அச்சுப்பொறி, ரோபோக் கை, சூரிய ஒளியில் ஓடும் வண்டி, கருவிப் பெட்டிகள், விரல் வைத்தால் திறக்கும் கதவுப் பூட்டு எல்லாம் அதில் இருந்தன. கூடவே கம்பெனியிலிருந்து ஒரு பயிற்சியாளரும் வந்தார். கழுத்தில் அட்டை மாட்டியிருந்த அந்த இளைஞர், கையால் கற்பதன் சிறப்புகளைப் பற்றித் தொண்ணூற்றிரண்டு படங்களைத் திரையில் காட்டினார். மூன்று மணி நேரம் பிடித்தது. ஆசிரியர்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

பூட்டைக் கதவில் பொருத்தினார்கள். உள்ளே நுழையவும் விரல் வைக்க வேண்டும், வெளியே வரவும் விரல் வைக்க வேண்டும். "வெளியே வர்றதும் ஒரு கற்றல்தானே" என்றார் பயிற்சியாளர். மற்ற பொருட்களைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டி, பூட்டின் மேல் காகிதம் ஒட்டி, அரக்கு முத்திரை வைத்து, சாவியை நூலகரிடம் கொடுத்தார் தலைமை ஆசிரியர்.

"பிள்ளைங்க எப்ப சார் எடுத்துச் செஞ்சு பார்ப்பாங்க?" என்று கேட்டார் நூலகர்.

"பிள்ளைங்க கையில குடுத்தா உடைஞ்சிடும் மேடம். உடைஞ்சா நான் பதில் சொல்லணும். கையால கத்துக்கிறது எப்படி இருக்கும்னு பிள்ளைங்க கண்ணால பார்த்துக்கட்டும். அதுவே பெரிய விஷயம்."

கதவில் பலகை மாட்டினார்கள். மேல்வரியில் 'செய்து கற்கும் மையம்' என்றும் கீழ்வரியில் 'எதையும் தொடாதீர்கள்' என்றும் இருந்தது. ஒவ்வொரு வகுப்பும் வாரம் ஒரு முறை வரிசையாக வந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அலமாரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது. ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடம். மிச்ச நேரம் பிள்ளைகள் வராந்தாவில் நின்றார்கள்.

அப்படி நின்றவர்களில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி இருந்தாள். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதலில் பின்னட்டையைத்தான் படிப்பாள் என்பதால் வகுப்பில் அவளுக்குப் பின்னட்டை என்றே பெயர். அவள் மெதுவாக உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"மிஸ், படிக்க ஏதாவது இருக்கா?"

நூலகர் சுற்றுமுற்றும் பார்த்தார். அட்டைப் பெட்டிகளின் அடியில் ஒவ்வொரு பொருளுக்குமான செய்முறைக் கையேடு கிடந்தது. மொத்தம் பத்தொன்பது. இருப்புப் பட்டியலில் இவை புத்தகம் என்று பதிவாகவில்லை. வைக்கோல், தெர்மாகோல் ஆகியவற்றோடு சேர்த்துப் பொதிப்பொருள் என்று பதிவாகியிருந்தன. பொதிப்பொருளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று எந்தச் சுற்றறிக்கையும் சொல்லவில்லை. பழைய பதிவேட்டை எடுத்துத் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, 'கதவுப் பூட்டு, மாதிரி ஏழு: பயனர் வழிகாட்டி' என்ற நூலை அவளுக்கு வழங்கினார்.

ஒரே வாரத்தில் பத்தொன்பதும் வெளியே போய்விட்டன. காத்திருப்போர் பட்டியல் ஒன்று போட வேண்டி வந்தது. பிள்ளைகள் திருப்பிக் கொடுக்கும்போது அபிப்பிராயமும் சொன்னார்கள்.

"பூட்டுப் புத்தகம் நல்லா போகுது மிஸ். முடிவுதான் சோகம். உத்தரவாதம் செல்லாதுன்னு முடிச்சிட்டாங்க."

"ரோபோக் கை பாதியிலேயே நின்னுடுது மிஸ். நாற்பத்தி நாலாம் பக்கத்துக்கு மேல வேற ஏதோ பாஷை."

நூலகருக்கு அந்த ஒரு மாதத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

அந்தச் சமயத்தில்தான் தரப்பட்டியல் வெளியானது. மையத்தில் உள்ள ஒவ்வொரு கருவியையும் மாணவர்கள் எத்தனை முறை தொட்டார்கள் என்பதைக் கருவிகளே எண்ணித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தன என்பது அதுவரை யாருக்கும் தெரியாது. வட்டாரத்தில் இந்தப் பள்ளி கடைசி. பருவம் முடிவதற்குள் பத்தாயிரம் தொடுகைகள் வராத பள்ளிகளில் ஏதுவாளர் பணியிடம் ரத்தாகும், ஏதுவாளர் வேறு ஊரில் உள்ள பாடநூல் கிடங்குக்கு அனுப்பப்படுவார் என்று சுற்றறிக்கை வந்தது. அதன் கூடவே இன்னொன்றும். மாடிப்படிக்கு அடியில் உள்ள மூட்டைகள் கண்வழிக் கற்றல் கழிவு என வகைப்படுத்தப்பட்டுள்ளன. அடுத்த மாதம் முப்பதாம் தேதி லாரி வரும். காகித ஆலைக்குப் போகும்.

நூலகர் மாடிப்படிக்கு அடியில் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். ஒரு மூட்டையின் கயிறு தளர்ந்திருந்தது. அவிழ்த்து இறுக்கிக் கட்டினார். லாரிக்குப் போகிற மூட்டையை எதற்கு இறுக்குகிறோம் என்று தோன்றியது. இருந்தாலும் இரண்டாவது முடிச்சையும் போட்டார்.

தலைமை ஆசிரியர் பயிற்சியாளரை வரவழைத்தார். பயிற்சியாளர் கணினியில் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்க பள்ளியில இதுவரைக்கும் நூத்திப் பதினாலு தொடுகை வந்திருக்கு சார். எல்லாமே கதவுப் பூட்டு."

"பூட்டும் கணக்குல வருமா?"

"அதுவும் கருவிதானே சார்."

"யாரு தொடறாங்கன்னு தெரியுமா?"

"விரல்னு மட்டும்தான் சார் தெரியும்."

தலைமை ஆசிரியரின் முகம் தெளிந்தது. மறுநாளே முறை அட்டவணை தயாரானது. முதல் பாடவேளை கணக்கு ஆசிரியர், இரண்டாவது ஓவிய ஆசிரியர், இடைவேளையில் அலுவலக ஊழியர்கள் என்று முப்பத்திரண்டு பேரும் பூட்டுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து விரலை வைத்து எடுத்தார்கள். நிமிடத்துக்கு நாலு முறை என்பது நியாயமான வேகம் என்று கணக்கு ஆசிரியர் நிறுவினார். அவரால் பாடம் எடுக்க முடியாத நாட்களில் பிள்ளைகள் வகுப்பில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பள்ளி வாட்ச்மேன் மத்தியானத்துக்குள் எழுநூறு எடுத்தார். காலை வணக்கக் கூட்டத்தில் அவருக்குச் சிறந்த மாணவர் என்ற சான்றிதழ் வழங்கப்பட்டது. அவர் அதை வாங்கும்போது அழுதுவிட்டார். பள்ளிக்கூடத்தில் தனக்கு இதுவரை யாரும் எதுவும் கொடுத்ததில்லை என்றார்.

நூலகருக்குத் தினமும் மூன்று பாடவேளை. லாரியைப் பற்றித் தலைமை ஆசிரியரிடம் கேட்டபோது, "நீங்க நல்லா தொடுங்க மேடம், லாரிக்கு நான் பேசறேன்" என்றார். அதனால் அவர் மற்றவர்களைவிடக் கருத்தாகத் தொட்டார்.

ஒருநாள் சாயங்காலம் நூலகர் கட்டைவிரலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பதைக் கணவர் பார்த்தார். அவர் பஸ் கண்டக்டர். நாள் முழுக்க டிக்கெட் கிழிக்கிறவர்.

"விரலுக்கு என்ன?"

"பூட்டைத் தொட்டேங்க."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டே கால் மணி நேரம்."

"திறந்துச்சா?"

"ஒவ்வொரு தடவையும் திறக்கும். மறுபடி மூடிக்கும்."

கணவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "இதுக்கு எங்க டிப்போவே பரவாயில்ல போல" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

ஆறாவது வாரத்தில் பள்ளி வட்டாரத்திலேயே முதலிடத்துக்கு வந்தது. ஒரு பிள்ளையின் விரல்கூட எதன் மீதும் படவில்லை. பாராட்டத் தலைமை அலுவலகத்து இயக்குநரே நேரில் வருகிறார் என்று தகவல் வந்தது. அதே வாரம் பூட்டு ஒவ்வொரு முறை தொடும்போதும் மூன்று தடவை கூவ ஆரம்பித்தது.

"சாதனையைப் பாராட்டுது" என்றார் தலைமை ஆசிரியர். பூட்டுக் கூவும்போதெல்லாம் அருகில் இருப்பவர்கள் கைதட்ட வேண்டும் என்று வாய்மொழியாக உத்தரவிட்டார்.

பின்னட்டை வராந்தாவில் நூலகரைப் பிடித்தாள். "மிஸ், அது பாராட்டு இல்ல. இருபத்தெட்டாம் பக்கத்துல போட்டிருக்கு. பேட்டரி தீரப் போகுது."

நூலகர் ஒரு குறிப்பு எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தார். தலைமை ஆசிரியர் அதைப் படித்துவிட்டுப் பேப்பர்வெயிட்டுக்கு அடியில் வைத்தார். "இயக்குநர் வர்ற நேரத்துல பூட்டைப் பிரிச்சு வைக்கச் சொல்றீங்களா மேடம்? நல்லா ஓடிட்டிருக்கிறதுல கை வைக்கக் கூடாது."

இயக்குநர் வெள்ளிக்கிழமை வந்தார். வெள்ளைச் சட்டையும் மெல்லிய குரலுமாக, வெயில் படாத கைகள் கொண்டவராக இருந்தார். மையத்துக்கு வெளியே ஜன்னல் ஓரமாக ஏழாம் வகுப்பு நிறுத்தப்பட்டிருந்தது. உள்ளே விட்டால் எதையாவது தொட்டுவிடுவார்கள். சோப்புப் போட்டுக் கழுவிய கைகளை நீட்டிக்கொண்டு நின்றார்கள். இயக்குநர் ஒவ்வொரு கையாகப் பார்த்து, "கற்ற கைகள்" என்றார்.

இயக்குநர், தலைமை ஆசிரியர், பயிற்சியாளர், நூலகர் ஆகிய நால்வரும் உள்ளே போனார்கள். கதவு மூடிக்கொண்டது. ஜன்னல் வழியே பிள்ளைகளைப் பார்த்து இயக்குநர் பேசினார்.

"மாணவச் செல்வங்களே, நான் படிச்ச காலத்துல எங்களுக்கு இந்த வசதியெல்லாம் கிடையாது. நான் என் வாழ்க்கையில கையால எதையுமே செஞ்சதில்ல. ஒரு பல்பு மாட்டினதில்ல. ஒரு ஆணி அடிச்சதில்ல. கோப்புல வர்றதைப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். படிச்சேன்னுகூடச் சொல்ல முடியாது. அப்படியே படிப்படியா உயர்ந்து இன்னிக்கு இந்த நிலைக்கு வந்திருக்கேன். நீங்க யாரும் என்னை மாதிரி ஆகிடக் கூடாதுங்கிறதுதான் இந்தத் திட்டத்தோட நோக்கம்."

தலைமை ஆசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் கைதட்டினார்கள். இயக்குநர் கிளம்புவதற்காகக் கதவுப் பூட்டில் விரலை வைத்தார். பூட்டு இந்த முறை கூவவில்லை.

தலைமை ஆசிரியர் விரலை வைத்தார். பயிற்சியாளர் தன் பத்து விரல்களையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துவிட்டுக் கம்பெனிக்குப் போன் செய்தார். கோரிக்கை பதிவாகிவிட்டது, எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் தொடர்புகொள்வார்கள் என்று பதில் வந்தது. ஜன்னலில் கம்பி. கதவை உடைக்கலாமா என்று இயக்குநர் கேட்டார். கதவை உடைத்தால் அது கருவிச் சேதத்தில் வரும் என்றார் பயிற்சியாளர். இயக்குநருக்கு வியர்த்தது.

ஜன்னலுக்கு வெளியே பின்னட்டை பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். "மிஸ், முப்பத்தி ஒண்ணாம் பக்கம். உள்பக்கமா இருந்தா திறக்கறதுக்கு வழி போட்டிருக்கு. படிக்கட்டுமா?"

"படிம்மா" என்றார் நூலகர்.

"'பயனர் முதற்கண் திருப்புளியைக் கைக்கொள்க.'"

"திருப்புளின்னா என்ன?" என்றார் இயக்குநர்.

பின்னட்டை கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். "ஸ்க்ரூடிரைவர் சார்."

ஸ்க்ரூடிரைவர் அலமாரிக்குள் இருந்தது. அலமாரியில் முத்திரை இருந்தது. முத்திரையை உடைக்க எழுத்துமூலமான அனுமதி வேண்டும் என்று தலைமை ஆசிரியர் பணிவாகத் தெரிவித்தார். இயக்குநர் தன் டைரியில் ஒரு தாளைக் கிழித்து, கற்றல் நோக்கத்துக்காக ஒரு திருப்புளியை வெளியே எடுக்க இதன்மூலம் அனுமதிக்கப்படுகிறது என்று எழுதிக் கையெழுத்திட்டார். தலைமை ஆசிரியர் 'பார்த்தேன்' என்று ஓரத்தில் எழுதினார். நூலகர் அலமாரியைத் திறந்து, ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு பூட்டின் அருகே போனார்.

"நில்லுங்க மேடம்" என்றார் தலைமை ஆசிரியர். "விதி ஒன்பது. ஏதுவாளர்கள் கருவியில கை வைக்கக் கூடாது."

"இத்தனை நாளா வைச்சோமே சார்."

"அது தொடறது. இது கழட்டறது."

தலைமை ஆசிரியரும் விதிப்படி ஏதுவாளர். அவருடைய கட்டைவிரல் வேறு வீங்கியிருந்தது. பயிற்சியாளர், தான் மென்பொருள் பிரிவு என்று சொல்லிப் பின்னால் நகர்ந்தார். ஏதுவாளர் என்று எந்தப் பதிவிலும் பெயர் இல்லாதவராக அந்த அறையில் மிச்சம் ஒருவர்தான் இருந்தார்.

நூலகர் ஸ்க்ரூடிரைவரை நீட்டினார். இயக்குநர் அதைப் பேனாவைப் பிடிப்பதுபோல் பிடித்தார்.

"அப்படிப் பிடிக்கக் கூடாது சார்" என்றாள் பின்னட்டை. "படத்துல கைப்பிடி உள்ளங்கைக்குள்ள இருக்கு. நாலு திருகு தெரியுதா? இடப்பக்கமா திருப்புங்க."

"யாரோட இடப்பக்கம்?"

"உங்களோடதுதான் சார். அழுத்திக்கிட்டே திருப்புங்க. அழுத்தலைன்னா வழுக்கும்னு போட்டிருக்கு."

வழுக்கியது. இயக்குநர் விரலை வாயில் வைத்துக்கொண்டார். பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அந்தப் பக்கத்தைப் படித்திருந்தார்கள். வழுக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். "பரவாயில்ல சார், மறுபடி வைங்க" என்று யாரோ பின்வரிசையிலிருந்து சொன்னார்கள். இயக்குநர் மறுபடி வைத்தார். முதல் திருகு கழன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது. அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"இது கழண்டுடுச்சு" என்றார் நூலகரிடம்.

"ஆமா சார்."

"நான்தான் கழட்டினேன்."

"ஆமா சார்."

அடுத்த மூன்றையும் அவர் யாரையும் கேட்காமல் கழற்றினார். மூடியை எடுத்ததும் உள்ளே ஒரு சின்ன இரும்பு நாக்கு தெரிந்தது. பின்னட்டை சொன்னபடி அதைப் பக்கவாட்டில் தள்ளினார். கதவு திறந்தது. இயக்குநர் வெளியே வராமல் கொஞ்ச நேரம் அந்த நாக்கை இப்படியும் அப்படியும் தள்ளிக்கொண்டிருந்தார். தலைமை ஆசிரியர் இரண்டு முறை கனைத்த பிறகுதான் வந்தார். சட்டை நனைந்திருந்தது. நேராகக் காரில் ஏறிப் போய்விட்டார்.

புதிய பேட்டரி போட்டதும் பூட்டு நடந்ததையெல்லாம் தலைமை அலுவலகத்துக்குத் தெரிவித்தது. திருகுகளைக் கழற்றியது திட்டமிட்ட கருவிச் சேதம் எனப் பதிவாகி, அதுவரை வந்த தொடுகைகள் அத்தனையும் கழிக்கப்பட்டன. பள்ளி மறுபடி கடைசி இடத்துக்குப் போனது. தலைமை ஆசிரியர் நூலகருக்குக் குறிப்பாணை கொடுத்தார். அங்கீகரிக்கப்படாத வாசிப்புப் பொருளை மாணவர்களுக்கு வழங்கியது ஏன் என்று மூன்று நாட்களுக்குள் விளக்க வேண்டும். நூலகர் அப்போதே அவர் எதிரில் நின்றபடி எழுதிக் கொடுத்தார். 'கேட்டார்கள். கொடுத்தேன்.' பத்தொன்பது கையேடுகளும் பறிமுதலாயின. கிடங்குக்கு மாற்றல் உத்தரவு தயாராவதாகக் கணக்கு ஆசிரியர் வந்து காதில் போட்டார். இருபத்தெட்டாம் தேதி லாரிக்காரர் வந்து மூட்டைகளை எண்ணிவிட்டுப் போனார்.

இருபத்தொன்பதாம் தேதி காலை நூலகரின் போன் அடித்தது. புது நம்பர். குரலைக் கேட்டதும் எழுந்து நின்றார்.

"நான் இயக்குநர் பேசறேன். நீங்க தனியா இருக்கீங்களா?"

"இருக்கேன் சார்."

"அன்னிக்கு வீட்டுக்குப் போய் நானே காலிங்பெல்லைக் கழட்டி மாட்டினேன்" என்றார் இயக்குநர். குரல் தணிந்திருந்தது. பின்னால் எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. "இப்ப அது அடிக்கலை. அது போகட்டும். நேத்து சமையலறைக் குழாயைக் கழட்டினேன். மறுபடி சேரமாட்டேங்குது. ஆளைக் கூப்பிடுங்கன்னு வீட்டுல சொல்றாங்க. எனக்கு மனசு வரலை. நானே பண்ணணும். அதுக்கு ஏதாவது புத்தகம் இருக்கா?"

"இருக்கு சார். படத்தோட இருக்கு."

"அனுப்ப முடியுமா?"

"மூட்டையில இருக்கு சார். நாளைக்கு லாரி வருது."

எதிர்முனையில் தண்ணீர் சொட்டியது. "எந்த மூட்டைல?"

நூலகர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வராந்தாவில் எட்டாம் வகுப்பு கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தது.

"நாற்பத்தி மூணு மூட்டை சார். எல்லாத்தையும் பிரிச்சு, வரிசையா அடுக்கினாத்தான் எதுவும் கண்டுபிடிக்க முடியும்."

"அடுக்குங்க."

"அலமாரியையெல்லாம் எடுத்துட்டாங்க சார். மையம் இருக்கிற அறையிலதான் இடம் இருக்கு."

"அங்கயே அலமாரியைப் போடச் சொல்லுங்க."

"அடுக்கறதுக்கு ஆள் வேணும் சார். பிள்ளைங்க தொட்டா பரவாயில்லையா?"

இயக்குநர் யோசித்தார். "தொடட்டும்."

"எழுத்துல வேணும் சார்."

பன்னிரண்டு மணிக்கெல்லாம் சுற்றறிக்கை வந்துவிட்டது. மிக அவசரம் என்று சிவப்பு மையில் இருந்தது. கையால் எடுத்து, கையால் புரட்டி, கையால் திருப்பி வைக்கக்கூடிய புதிய வகைக் கற்றல் கருவிகள் இப்பள்ளியில் சோதனை முறையில் அறிமுகப்படுத்தப்படுகின்றன, அவற்றை ஏதுவாளர் உடனடியாக நிறுவ வேண்டும், லாரி ரத்து. தலைமை ஆசிரியர் அதை இரண்டு முறை படித்தார். இப்படி ஒரு கருவி வரப்போகிறது என்று தான் ஆரம்பத்திலேயே சொல்லிக்கொண்டிருந்ததாகப் பயிற்சியாளரிடம் சொன்னார். அது எத்தனை பேட்டரியில் ஓடும் என்று கேட்டார் பயிற்சியாளர்.

மத்தியானம் பிள்ளைகள் மூட்டைகளை இழுத்துக்கொண்டு வந்து அறை முழுக்கப் பரப்பினார்கள். தூசியில் நாலைந்து பேர் தும்மினார்கள்.

"மிஸ், எதை முதல்ல பிரிக்கிறது?" என்றாள் பின்னட்டை.

குழாய்ப் புத்தகம் கதவோரமாகக் கிடந்த சின்ன மூட்டையில், மேலிருந்து மூன்றாவதாக இருந்தது. நூலகர் அந்த மூட்டையைத் தூக்கித் தன் மேசைக்கு அடியில் தள்ளி வைத்தார்.

"மத்ததையெல்லாம் பிரிங்க" என்றார். "இது கடைசி."